பின்னிரண்டு

பெட்டிக்குள் நான்கு மட்ஃபிளாப்கள் இருந்தன. முன் சக்கரங்களுக்கு இரண்டு, பின் சக்கரங்களுக்கு இரண்டு. கூடவே சின்னப் பாக்கெட்டில் ஸ்க்ரூக்களும் கிளிப்புகளும். காரில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளிலேயே மாட்டிக்கொள்ளலாம், துளை போட வேண்டாம் என்று அட்டையில் எழுதியிருந்தது. மின்சாரக் கார் வாங்கி எட்டு மாதம். கதவுக்குக் கீழே ஜல்லி தெறித்து வெள்ளைப் பெயிண்டில் மூன்று இடங்களில் புள்ளி விழுந்திருந்ததைப் பார்த்த அன்றிரவே ஆர்டர் போட்டேன்.

முன்னிரண்டு சுலபம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் சக்கரத்துக்குப் பின்னால் கை போக இடம் கிடைத்துவிடும். இருக்கிற ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், சேற்றைத் துடைக்க வேண்டும், மட்ஃபிளாப்பை ஓட்டைக்கு நேராகப் பிடித்து எல்லா ஸ்க்ரூவையும் பாதி மட்டும் முடுக்க வேண்டும். டயரில் உரசவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் முழுசாக முடுக்குவது. ரொம்ப முடுக்கினால் பிளாஸ்டிக்கில் மரை போய்விடும். அரை மணி நேரத்தில் முடிந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

பின் சக்கரம் திரும்பாது. டயருக்கும் பாடிக்கும் நடுவே என் ஸ்க்ரூடிரைவர் நுழையவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றலாம். ஆனால் மின்சாரக் காரின் தரைக்கு அடியில் முழுக்க பேட்டரி. கம்பெனி குறித்திருக்கும் இடங்களைத் தவிர வேறெங்கும் ஜாக்கி வைக்கக் கூடாது. எனக்குப் பயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பின்னிரண்டையும் டிக்கியில் போட்டேன். மூன்று ஞாயிறு போயிற்று.

ஒரு விஷயத்தை அப்போது நான் யோசிக்கவே இல்லை. முன் மட்ஃபிளாப் காப்பாற்றுவது என் கதவை. பின் மட்ஃபிளாப் காப்பாற்றுவது பெரும்பாலும் எனக்குப் பின்னால் வருகிறவரை. நான்கையும் ஒரே பெட்டியில் வாங்கினேன், என்னுடையதை மட்டும் மாட்டினேன். கார் வாங்குவதற்கு முன் பதினோரு வருடம் பைக் ஓட்டியவன் நான். மழையில் லாரிக்குப் பின்னால் போய் வாயில் மண் கடித்திருக்கிறேன். பழைய டயரை வெட்டி மட்ஃபிளாப்பாகத் தொங்கவிட்டிருக்கும் லாரி முன்னால் போனால் அந்த முகம் தெரியாத ஓனரை மனசார வாழ்த்தியிருக்கிறேன்.

1785இல் காண்ட் எழுதிய அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் ஏமாற்றாமல் சரியான விலைக்கே விற்பார். தன் லாபத்துக்காகத்தான் அவர் அப்படி நேர்மையாக இருக்கிறார் என்றால் அதில் அறமதிப்பு இல்லை என்பார் காண்ட். முதலில் படித்தபோது இந்த மனிதர் ரொம்பத்தான் கறார் என்று தோன்றியது. குழந்தைக்குச் சரியான சில்லறை கிடைத்ததே, அது போதாதா? இப்போதும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். பெயிண்டுக்காக வாங்கியதாகவே இருக்கட்டும், நான்கையும் மாட்டியிருந்தால் பின்னால் வருகிறவருக்கு என் நோக்கமா முக்கியம்? ஆனால் நான் அந்தக் கடைக்காரர் அளவுக்குக்கூட வரவில்லை. என் லாபம் எங்கே முடிந்ததோ அங்கேயே என் வேலையும் நின்றுவிட்டது.

நவம்பரில் ஒரு காலை, வேளச்சேரி–தாம்பரம் சாலை. இரவெல்லாம் பெய்த மழை. பள்ளிக்கரணை பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டித் தண்ணீர் நின்றிருந்தது. ஆபீசுக்கு லேட். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே பாட்டு. இடது பக்கம் தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து விழுந்தது. மிரரில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பையன், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், கையில் பிளாஸ்டிக் ஃபைல். அவன் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. ஃபைலைத் திறந்து உள்ளே நனைந்துவிட்டதா என்று பார்த்தான். நான் நிறுத்தவில்லை.

எஞ்சின் சத்தம் இருந்திருந்தால் விலகியிருப்பானோ என்று அன்று முழுக்கக் காரின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். புகை விடாத கார் வாங்கியதால் ஊருக்கே நல்லது செய்துவிட்ட ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஞாயிறு பின்னிரண்டையும் வெளியே எடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நடந்ததைச் சொன்னேன்.

"அதுக்கு இத மாட்டுறியா?"

"ஆமாப்பா."

"ஏன்டா, இது பின்னாடி வர்றவன் மேல அடிக்கிறதத்தான்டா தடுக்கும். பக்கவாட்டுல எகிர்ற தண்ணிய என்ன பண்ணும்? அது வேகம். கால எடுத்திருக்கணும் நீ."

சரிதான். டயர் பின்பக்கம் வீசுவதைத்தான் மட்ஃபிளாப் மறிக்கும். தேங்கிய தண்ணீர் டயருக்கு அடியில் நசுங்கிப் பக்கத்தில் பீய்ச்சுவதை எந்த ரப்பரும் மறிக்காது. செய்த தப்பு ஒன்று, நான் தேடிப்போன பரிகாரம் வேறொன்று.

மனுநீதிச் சோழன் கதையைப் பள்ளியில் தேர், கன்று, மணி என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டோம். பெரியபுராணத்தில் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. கன்று சக்கரத்தில் மாட்டிச் செத்ததும் இளவரசன் முதலில் தேடுவது பரிகாரத்தை. அந்தணர்கள் விதித்தால் அதைச் செய்து முடித்துவிடலாம் என்று நினைக்கிறான். பிறகு அமைச்சர்களும் ராஜாவிடம் அதையே சொல்கிறார்கள். ராஜா ஒப்புக்கொள்வதில்லை. அதற்கப்புறம் அவர் செய்ததில் எனக்கு உடன்பாடு கிடையாது. மகன் மேல் தேரை ஏற்றினால் பசுவுக்குக் கன்று திரும்பி வராதே (கடைசியில் சிவபெருமான் வர வேண்டியிருந்தது). ஆனால் பரிகாரத்தை அவர் ஏன் மறுத்தார் என்பது இப்போது புரிகிறது. அதைச் செய்து முடித்ததும் கணக்கு தீர்ந்துவிடும். பசு இன்னும் வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

அந்தப் பசுவுக்காவது அடிக்க ஒரு மணி இருந்தது.

"ஜாக்கி எதுக்கு?" என்றார் அப்பா. உள்ளே போய்த் தன் பழைய டூல் பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்தார். உள்ளங்கை நீளம்தான். டயருக்கும் பாடிக்கும் நடுவே அழகாக நுழைந்தது. தரையில் படுத்துக்கொண்டு இரண்டையும் மாட்ட இருபது நிமிடம். மூன்று ஞாயிறு நான் பேட்டரிக்குப் பயந்தது இதற்குத்தான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மழை. அதே ஸ்டாப், அதே தண்ணீர். காலை எடுத்தேன். மீட்டர் பதினைந்துக்கு வந்தது. பின்னால் வந்த கார் ஹார்னை விடாமல் அடித்தது. மிரரில் அந்த ஆள் கையை ஆட்டி ஏதோ கத்துவது தெரிந்தது. மெதுவாக உருண்டு கடந்தேன். ஸ்டாப்பில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அந்தப் பையன் இருக்கிறானா என்று தேடினேன், இல்லை. நின்றவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.