நாடி சாட்சி சொல்லுமா?

புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மார்கரீத் மரி என்ற கன்னியாஸ்திரீ கண்ட காட்சிகளால் பரவியது இந்தத் தூய இருதய பக்தி. இயேசுவின் இருதயமே அதில் வழிபடு பொருள். கடற்கரைப் பக்கம் நடந்தால் மணக்குள விநாயகர் கோயில், அதன் அருகே அரவிந்தர் ஆசிரமம். நெஞ்சுக்குள் இறைவனைத் தேடச் சொல்லும் மரபு அங்கே. ஜனவரி தோறும் அரசே யோகா விழா நடத்தும் ஊர் இது. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மரோ 1823இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. அதன் உடலியல் துறை, பிராணாயாமம் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் எப்படி மாற்றுகிறது என்று பல ஆண்டுகளாக அளந்து வந்திருக்கிறது. ஆகவே இந்த ஊருக்கென்றே ஒரு கேள்வி உண்டு. வழிபாடு ரத்த ஓட்டத்தை மாற்றுவதைக் கருவி காட்டிவிட்டால், அந்த வழிபாட்டின் கொள்கை மெய் என்று ஆகிவிடுமா? ஆகாது என்பதே என் துணிபு. பொய் என்றும் ஆகாது.

இதயத்தையே நிறுத்திக் காட்டும் யோகிகளைப் பற்றி நம்மிடையே பேச்சு நெடுங்காலமாக உண்டு. பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் 1935இல் தூக்கிச் செல்லக்கூடிய ஈ.சி.ஜி. கருவியோடு இந்தியா வந்து, இதயத்தின் மின் அலை ஏறக்குறைய அடங்கிப்போனதாகப் பதிவு செய்தார். பின்னர் வெங்கர், பக்சி, ஆனந்த் ஆகிய மூவர் இன்னும் நல்ல கருவிகளோடு யோகிகளைச் சோதித்து, 1961இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி, மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. உடலெங்கும் சுற்றிய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரைகள் மெல்லிய சுவர் கொண்டவை. அந்த அழுத்தத்தில் அவை நசுங்கிவிடுகின்றன. உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் குறையும். மணிக்கட்டில் நாடி மறைகிறது, ஸ்டெதஸ்கோப்பில் ஓசை இல்லை. ஈ.சி.ஜி.யில் மட்டும் இதயம் விடாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. யோகி ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தசைக் கட்டுப்பாடே அரியது. நாடி நின்றதால் இதயம் நின்றது என்று நாம் எண்ணியதுதான் தவறு.

இதைவிட நுட்பமானது இத்தாலியில் லூச்சானோ பெர்னார்டியும் சகாக்களும் 23 பேரை வைத்துச் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே ஆட்களை லத்தீனில் ஜெபமாலை சொல்லவும், பௌத்தரின் ‘ஓம் மணி பத்மே’ மந்திரத்தை உருப்போடவும் வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்துக்கு இயல்பாகவே சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று உண்டு. கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் உள்ள நரம்பு முனைகள் அழுத்தத்தை உணர்ந்து, வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தைத் தணிக்கின்றன. மூச்சை இழுக்கையில் துடிப்பு கூடும், விடுகையில் குறையும். பத்து நொடிக்கு ஒரு மூச்சு என்று ஆகும்போது இந்த இரண்டு தாளமும் ஒன்றுசேர்கின்றன; அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. மரியாளை அழைத்தாலும் போதிசத்துவரை அழைத்தாலும் ரத்தம் ஒரே விடையைத்தான் தந்தது. கொள்கையில் ஒத்துப்போகாத இரண்டு சமயங்களுக்கும் ஒரே சாட்சி ஒரே வாக்குமூலம் தருமானால், வழக்கைத் தீர்க்க அந்தச் சாட்சி உதவாது.

அப்படியானால் ஜெபம் வெறும் மூச்சுப் பயிற்சிதானே என்று பகுத்தறிவாளர் கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் அவசரமான முடிவு. வெங்காயம் நறுக்கும்போதும் கண்ணீர் வருகிறது, இழவு வீட்டிலும் வருகிறது; சுரக்கும் சுரப்பி ஒன்று என்பதால் துக்கம் இல்லையென்று ஆகாது. ஜெபிப்பவர் எப்படி மூச்சு விட்டார் என்பதைக் கருவி சொல்லும். யாரிடம் பேசினார், அங்கே கேட்பவர் உண்டா என்பது கருவியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. மறுபக்கம் பக்தர், சித்திகள் உயர்நிலையின் அடையாளம் அல்லவா என்பார். அவருக்குப் பதஞ்சலியே பதில் சொல்லிவிட்டார்: யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதம் சித்திகளைச் சமாதிக்கு இடையூறு என்கிறது. மேலும் ஒன்று. மாற்றிப் பொருத்தப்பட்ட இதயம், நரம்புத் தொடர்பெல்லாம் அறுந்த நிலையிலும் தன் சொந்த மின்தூண்டலால் துடிக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தை நம் உத்தரவைக் கேளாமலே இதயம் செலுத்துகிறது. ஆன்மிகம் இதயத்திலிருந்து எதையேனும் கற்க வேண்டுமானால், அதை அடக்கிக் காட்டும் பெருமையைவிட, உயிர் நம் கட்டளைக்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது என்ற இந்த உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே எந்த மேடையிலும், எந்தச் சமயத்தின் பேரிலும், நாடித்துடிப்பின் வரைபடத்தைக் கடவுளுக்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள். மெதுவாக மூச்சு விட்டு ஜெபியுங்கள், தியானம் செய்யுங்கள். உடலுக்கும் அது நல்லது. ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.