யார் கட்டுப்படுத்திய மக்கள்தொகை?

பெரியம்மா பல்லடம் பக்கத்தில் விசைத்தறிக்குத் தார் போட்டுப் பிழைத்தவர். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, 1984இல், அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். "பெரியப்பா பண்ணீருக்கலாமில்லீங் பெரியம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஆம்பளைக்குப் பண்ணுனா தெம்பு போயிரும்னாங்க அம்முணி. அப்புறந் தறி ஓட்டறது யாரு?" என்றார். பத்தாவது நாள் அவரே மறுபடி தறிக்கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார்.

2025 மார்ச்சில் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் தொகுதி மறுவரையறை பற்றிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காகத் தமிழ்நாட்டுக்குத் தண்டனையா என்று கட்சி வேறுபாடில்லாமல் கேட்டார்கள். பெரியம்மா சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

மக்கள்தொகைக்கு ஏற்ப மக்களவை இடங்களைப் பங்கிட வேண்டும் என்பது அரசியலமைப்பு. அப்படிப் பங்கிட்டதில் 1967 தேர்தலில் தமிழ்நாட்டின் இடங்கள் 41இலிருந்து 39 ஆயின. 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் பங்கை 1971 கணக்கெடுப்பில் நிறுத்திவைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2008இல் மாநிலத்துக்குள் கோடுகள் மட்டும் மாறின. கோபிச்செட்டிபாளையம், திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிகள் காணாமல் போய் ஈரோடும் திருப்பூரும் வந்தன. பெரியம்மாவுக்கு இன்று கலெக்டர் ஆபீஸ் திருப்பூரில், எம்.பி. கோவைக்கு.

அந்த 1976ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இடங்களை நிறுத்திவைக்கும் முடிவு முதலில் வந்தது, அன்றைய சுகாதார அமைச்சர் கரண் சிங் அந்த ஏப்ரலில் வெளியிட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கையில். ஆக, தொகுதியையும் கர்ப்பப்பையையும் அரசே ஒரே காகிதத்தில் எழுதிவைத்திருக்கிறது. நெருக்கடி நிலையின்போது பெரும்பாலும் ஆண்களைப் பிடித்துத்தான் கருத்தடை செய்தார்கள். 1977இல் ஆட்சி கவிழ்ந்தது. ஆணின் உடம்பில் கை வைத்தால் என்ன ஆகும் என்று எல்லாக் கட்சிகளும் பாடம் படித்துக்கொண்டன. அதன் பிறகு கத்தி பெண்ணிடம் வந்து நின்றுவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு நூற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "நாம் கட்டுப்படுத்தினோம்" என்னும்போது அந்த "நாம்" யார்?

கொங்கில் வளர்ந்தவளாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் குறைந்ததற்குப் படிப்பும் நல்ல ஆஸ்பத்திரியும் காரணம், ஒப்புக்கொள்கிறேன். தோட்டம் துண்டாகக் கூடாது, சீருக்குப் பணம் போதாது என்ற கணக்கும் கூடவே இருந்தது. ஒன்றே போதும் என்ற வீடுகளில் அந்த ஒன்று பையனாக இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட வேண்டியிருந்தது. இதையெல்லாம் "சாதனை" என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டித் தில்லிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. 2011 கணக்குப்படி ஒரு தமிழ்நாட்டு எம்.பி.க்குச் சுமார் பதினெட்டரை லட்சம் பேர், உத்தரப் பிரதேச எம்.பி.க்கு 25 லட்சம் பேர். அங்கே ஐந்து பெற்றவளும் யாரும் அவளைக் கேட்டு முடிவெடுத்துப் பெற்றவளாக இருக்கமாட்டாள். அவள் வாக்கின் எடை குறைந்தால் அதுவும் தண்டனைதான். மாநிலங்களின் பங்கு இன்றுபோலவே இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். ஒன்றியம் என்பது வெறும் தலைக்கணக்கு அல்ல, மொழிகளுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான உடன்பாடு என்பதற்காக அதைக் கேட்கலாம். குறைவாகப் பெற்றதற்குப் பரிசாகக் கேட்டால், பெண்ணின் வயிறு நாணயமாகிவிடும். நாணயம் மதிப்பு மாறும்.

மாறவும் செய்தது. அதே மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில், புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார் முதலமைச்சர் ஸ்டாலின். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற பழைய விதியை ஆந்திரம் 2024இலேயே நீக்கியது. கூடுதலாகப் பெறச் சொல்கிறார் சந்திரபாபு நாயுடு. நாற்பது ஆண்டு "போதும்", இப்போது "போதாது". இரண்டு முறையும் மேடையில் இருந்தவர்கள் ஆண்கள்.

இன்னொரு முடிச்சு இதைவிட இறுக்கம். 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. ஆனால் அடுத்த கணக்கெடுப்பும் அதன் பேரில் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அது நடப்புக்கு வரும். ஆக, மாநிலத்துக்காக மறுவரையறையைத் தள்ளிப்போடச் சொன்னால் என் இடம் தள்ளிப்போகிறது. என் இடத்தைக் கேட்டால் மாநிலத்தைக் காட்டிக்கொடுத்தவள் ஆகிறேன். இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டிய தேவையே இல்லை. இருக்கும் 543லேயே ஒதுக்கலாம். தமிழ்நாட்டின் 39இல் 13 பெண்கள் உட்காரலாம். 2024இல் வென்றவர்கள் ஐந்து பேர். கோவை மக்களவைத் தொகுதி 1957இலும் 1977இலும் பார்வதி கிருஷ்ணனை அனுப்பியது. அதற்குப் பிறகு 2024 வரை ஒரு பெண்ணைக்கூட அனுப்பவில்லை. மாநில உரிமைக்காக ஒரே மேடையில் கூடும் கட்சிகள், தங்கள் வேட்பாளர் பட்டியலில் இதைச் சரிசெய்ய எந்தத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பெரியம்மாவின் மருமகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஒரே பெண் குழந்தை. போன மாதம் சீர் வைக்க வந்த உறவுக்காரர், "இன்னொண்ணு பெத்துக்கலாமில்ல, இப்ப கவர்மெண்டே சொல்லுதே" என்று சிரித்தார். மருமகள் பேசவில்லை. "ராத்திரி ஷிப்டுக்கு இவ போனா நீங்க வந்து பாத்துக்கறீங்ளா?" என்று கேட்டுவிட்டு, பெரியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.