பிள்ளையில்லாக் குறை யாருடையது?



ஜவ்வாது மலையடிவாரத்து நம் ஊர்களில் நிக்காஹ் முடிந்து இரண்டாண்டு கழிந்தால் போதும், மருமகளைத்தான் ஏற இறங்கப் பார்க்கின்றார்கள். தர்காவுக்கும் டாக்டரம்மாவிடமும் அவளையே அழைத்துப் போவார்கள். மாப்பிள்ளையும் பரிசோதித்துக் கொள்ளட்டும் என்றால் மாமியாருக்குக் கோபம் வந்துவிடும். அடுத்து இரண்டாம் நிக்காஹ் பேச்சு!

மக்களைக் கொடுப்பவனும், தான் நாடியவரைப் பிள்ளையற்றவராய் ஆக்குபவனும் அல்லாஹ்வே என ஷூறா அத்தியாயம் அறிவிக்கிறது. அங்கே பெண்ணை மட்டும் சுட்டவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. அதனால் அவர்களின் கண்ணியம் குறைந்ததா? பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரில் கணவனிடத்திலும் காரணம் இருப்பதாக மருத்துவர்கள் கூறுகின்றனர்.

1977இல் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்னும் புழுக்கொல்லி மருந்து செய்த ஆலைத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்காததைத் தமக்குள் பேசிக் கொண்டபோதுதான் உண்மை வெளியாயிற்று. பரிசோதித்ததில் சிலருக்கு விந்தில் உயிரணுவே இல்லை. அதுவரை எத்தனை மனைவியர் பழி சுமந்தார்களோ!

நம் பாலாற்றுக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் ஷாப்புகளின் வருவாயால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்தன, மறுக்கவில்லை. அதே ஷாப்புகளின் கழிவுதான் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண் குரங்குகளுக்கு நச்சு வகைக் குரோமியம் கலந்த நீரை ஆறு மாதம் கொடுத்தார்கள். உயிரணுக்கள் குறைந்தன, ஓட்டமும் தளர்ந்தது. அந்நீரை நிறுத்திய பின், அல்ஹம்துலில்லாஹ், மெல்லத் தேறின. தோலுக்கு இடும் குரோமியம் வேறு வகை. ஆயினும் மண்ணில் கிடந்து நச்சு வகையாக மாறக் கூடியது. நம் ஊர் ஆண்களுக்கும் இப்படியே ஆயிற்று என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. மருமகள் மீது பழி போடவும் முடியாதல்லவா?

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஊரார் குடிக்கும் நீரில் ஷாப்புக் கழிவை விடுகின்ற முதலாளி ஜகாத்தைக் கணக்காய்க் கொடுத்தாலும், அண்டை வீட்டாரின் ஹக்கு அவர் தலைமேல் நிற்கிறது.

விந்துப் பரிசோதனை கூடுமா என்று கேட்போர் உண்டு. மருத்துவத் தேவைக்காக, மனைவியின் துணையோடு எடுத்துக் கொடுப்பதை ஆலிம்கள் பலர் அனுமதித்துள்ளனர். ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். மாப்பிள்ளைதான் போய்க் கேட்க வேண்டும்.