அழுக்குப் படிந்த பாதங்கள்

பக்திக்குரிய ஓவியத்தில் அழுக்குக்கு இடம் உண்டா? தெய்வ சந்நிதியை எழுதப் புகுந்தவன் புழுதி படிந்த பாதங்களையும் எழுதினால், அது நிந்தனையா, வணக்கமா? இவ்வினாவுக்கு விடை காண, இத்தாலிய ஓவியன் கரவாஜியோ தீட்டிய 'லொரேத்தோ மாதா' என்னும் படத்தை நாம் சற்று ஊன்றி நோக்குவோமாக.

ஏறத்தாழ 1604-க்கும் 1606-க்கும் இடையே தீட்டப்பெற்ற இப்படம், ரோமாபுரியில் புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் ஒரு பீடத்தின்மேல் இன்றும் விளங்குகிறது. மரியன்னையின் இல்லத்தைத் தேவதூதர்கள் நாசரேத்திலிருந்து சுமந்து வந்து லொரேத்தோவில் இறக்கினர் என்பது கிறிஸ்தவ மரபு. ஆதலால் பிற ஓவியர் பலர் வானில் மிதக்கும் வீட்டையும் தூதர் கூட்டத்தையும் எழுதினர். கரவாஜியோவோ சிறகொன்றும் எழுதவில்லை. காரை பெயர்ந்து செங்கல் தெரியும் சுவர், ஒரு வாசற்படி, அதன்மேல் குழந்தையை ஏந்தி நிற்கும் தாய், எதிரே மண்டியிட்ட ஏழை யாத்திரிகர் இருவர். இழைபோன்ற ஒளிவளையமே தெய்விகத்தை உணர்த்துகிறது.

யாத்திரிகருள் ஆடவனின் அழுக்கேறிய பாதங்கள் படத்தின் கீழ்ப்பாகத்தில் நம்மை நோக்கி நீண்டுள்ளன. மூதாட்டியின் தலைத்துணியோ கிழிந்தது. இவற்றைக் கண்டு பொதுமக்கள் பெருங்கூச்சல் எழுப்பினர் என்று, கரவாஜியோவின் எதிரியாகிய ஓவியன் பாலியோனே 1642-இல் வெளிவந்த தன் நூலில் குறித்துள்ளான்.

"அழகை நாடி ஆலயம் வருவோர்க்கு அழுக்கைக் காட்டலாமா?" எனச் சிலர் வினவுவர். அவ்வழுக்கு எங்கிருந்து வந்தது? நடந்த வழியிலிருந்தன்றோ வந்தது! பல காதம் நடந்த பக்திக்கு அதுவே சான்று. பாதத்தைக் கழுவி எழுதியிருந்தால் பயணமும் படத்தினின்று மறைந்திருக்கும்.

படத்தின் அமைப்பும் இதனையே கூறுகிறது. யாத்திரிகரின் முகம் தாயை நோக்கியது; பாதம் நம்மை நோக்கியது. ஆகவே நாம் அவர்களுக்குப் பின்னால், வரிசையில் அடுத்தவராய் நிற்கிறோம். பார்ப்பவர் பெருஞ்செல்வரேயாயினும் முன்னிடம் கிடையாது. நம் கண் அப்பாதங்களில் தொடங்கி, கூப்பிய கரங்களின் வழியே ஏறி, தாயின் குனிந்த முகத்தை அடைகிறது. அத்தாயும் வெறுங்காலுடனேயே நிற்கிறாள். அவளையும் அவர்களையும் பிரிப்பது ஒரு படி மட்டுமே.

உள்ளே கைகூப்பித் தொழுதுவிட்டு, வாயிலில் ஏழையின் காலைக் கண்டு முகஞ்சுளிப்போர் எச்சமயத்திலும் உளர். அவருள் நாமும் ஒருவரோ என்று நம்மையே வினவிக்கொள்ளுதல் நன்று.