எந்த ஊருக்கு இந்த அணி?

கனடாவின் கியூபெக் நகரத்தில் 18,000 பேர் உட்காரக்கூடிய ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்று இருக்கிறது. சுமார் 370 மில்லியன் கனடிய டாலர் செலவு, பெரும்பகுதி வரிப்பணம். 2015இல் திறந்தார்கள். வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லிலிருந்து ஓர் அணி வரும் என்ற நம்பிக்கை. வரவில்லை. அடுத்த ஆண்டு புதிய அணி லாஸ் வேகஸுக்குப் போனது. நுழைவுக் கட்டணம் 500 மில்லியன் அமெரிக்க டாலர். பாலைவனத்துக்கு எதுக்குப்பா ஐஸ் ஹாக்கி என்று சிரித்தவர்கள் உண்டு. 2023இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையையே தூக்கிவிட்டது.

கியூபெக்கின் வயிற்றெரிச்சல் பழையது. அங்கே நோர்டீக்ஸ் என்று ஓர் அணி இருந்தது. 1995இல் விற்கப்பட்டு டென்வருக்குப் போய், பெயர் மாறி, மறு வருஷமே கோப்பையை வென்றது. ஆளாக்கியது ஒரு வீடு, விருந்து இன்னொரு வீட்டில்.

அப்படியானால் அதிகம் நேசிக்கிற ஊருக்கே அணி என்று சொல்லிவிடலாமா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1996இல் வின்னிபெக் அணி அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குப் போனபோது, அந்த வெயில் ஊருக்கு என்ன தகுதி என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. அந்த அணியின் ஆட்டங்களைப் பார்த்து அரிசோனாவில் வளர்ந்த பையன் ஆஸ்டன் மேத்யூஸ். 2016இல் என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் அழைக்கப்பட்ட பெயர் அவருடையது. அணி வந்த பிறகுதான் அங்கே நேசம் முளைத்தது. முளைக்காத ஒன்றை முன்கூட்டியே எந்தத் தராசில் வைப்பது?

ஆக, புதிதாகப் பெறுவதில் தகுதி என்ற பேச்சே வீண் என்று நினைக்கிறேன். பணம் இருக்கிறவன் வாங்குகிறான், அவ்வளவுதான். இழப்பது வேறு கதை. ஊரோடு ஒட்டிவிட்ட அணியைப் பிடுங்கும்போது, அதுவரை இல்லாத ஓர் உரிமை அங்கே உண்டாகிவிட்டிருக்கிறது. தமிழில் 'உரிமையாளர்' என்றால் முதலாளி மட்டும்தான். மழையிலும் பனியிலும் டிக்கெட்டுக்கு நின்றவனுக்கு ஒரு சொல் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே என்ற சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊரின் அணி, 1923 முதல் பொதுமக்கள் பங்குதாரர்களாக உள்ள லாபநோக்கற்ற நிறுவனம். அதை விலைபேசி வேறு ஊருக்குத் தூக்கிப்போக ஒரு முதலாளி அங்கே இல்லை. அப்படியும் நடத்த முடியும் என்பதற்கு அது போதும்.

சிக்கல் வின்னிபெக்கில்தான். 2011இல் அதற்கு மீண்டும் அணி கிடைத்தது. 13,000 சீசன் டிக்கெட்டுகள் சில நாட்களில் தீர்ந்தன. பறிகொடுத்த ஊருக்கு நியாயம் கிடைத்ததாக எல்லோருக்கும் சந்தோஷம். அந்த அணி வந்தது அட்லாண்டாவிலிருந்து. 1980இல் ஏற்கெனவே ஓர் அணியைக் கால்கரிக்குப் பறிகொடுத்த ஊர் அது. அங்கே ரசிகர் கூட்டம் குறைவுதானே என்கிறார்கள். குறைவுதான். இரண்டு தடவையும் அரங்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்சம் பேரிடம் வின்னிபெக்காரர் என்ன சொல்வார்?