சேர்த்தலும் விடுதலும்: முதியோர் இல்லத் தேர்வில் எழும் அறவினா

முன்னுரை

குழந்தையைப் பள்ளியில் சேர்க்கிறோம். நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கிறோம். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கிறோம். ஆனால் பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் ‘விட்டுவிட்டான்’ என்பதே பெருவழக்கு. பராமரிப்பின் தரமும் கட்டணமும் எத்தகையனவாயினும் இவ்வினைச்சொல் மாறுவதில்லை. ‘விடு’ என்னும் அடியிற் பிறந்த ‘விடுதி’ பழிப்பொருள் பெறாதிருக்க, ‘இல்லம்’ என்னும் இனிய சொல் ‘முதியோர்’ என்னும் அடையை ஏற்றவுடன் பழிச்சொல்லாகிறது. ஒரு வினைச்சொல்லுக்குள் ஓர் அறத்தீர்ப்பு அடங்கியுள்ளது. அத்தீர்ப்பு எந்நிலையில் பொருந்தும், எந்நிலையில் பொருந்தாது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டணம் பெற்று உணவு, உறையுள், செவிலியர் துணை, குளித்தல் உடுத்தல் முதலியவற்றில் உதவி ஆகியன அளிக்கும் இல்லங்களே இங்குக் கருதப்படுகின்றன. ஆதரவற்றோர்க்கான அறக்கட்டளை இல்லங்கள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டன.

சிக்கலின் பின்புலம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 10.38 கோடியினர், அதாவது 8.6 விழுக்காட்டினர். தமிழகத்தில் இது 10.4 விழுக்காடாகவும் கேரளத்தில் 12.6 விழுக்காடாகவும் இருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து, அவர்தம் பணியிடமும் தொலைவில் அமைந்தபோது, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் கட்டண முதியோர் குடியிருப்புகள் பெருகியமை வியப்பன்று.

தமிழகத்திற்கு வெளியே பணியாற்றுவோர்க்கு இச்சிக்கல் மற்றொரு முகமும் கொள்கிறது. தில்லியில் மூன்றாம் மாடி வீட்டில், மகனும் மருமகளும் பணிக்குச் சென்றபின், அண்டை வீட்டாரோடு பேச மொழியின்றி மாலைவரை தனித்திருக்கும் தாய், மகனுடன் சேர்ந்து வாழ்வதாகவே கருதப்படுகிறார். தம் மொழி பேசுவோர் நடுவே கோவையில் ஓர் இல்லத்தில் வாழும் தாயோ விடப்பட்டவராகிறார். ஒரே கூரை என்பது அளவுகோலாயின் இத்தீர்ப்புச் சரியே. முதியவரின் வாழ்நலம் அளவுகோலாயின் அன்று.

இலக்கியம் காட்டும் நிலை

நம் தொல்லிலக்கியங்கள் இதற்கு நேர்விடை தரும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. புறநானூற்று 312ஆம் பாடல் மகனுக்குரிய கடனாகக் கூறுவது போர்க்களச் செயலையே. முதுமையில் பெற்றோரைக் காத்தலை அன்று. 41ஆம் குறள் சுட்டும் மூவர் யாவர் என்பதில் உரைகள் வேறுபடுகின்றன. பரிமேலழகர் ஏனைய மூன்று நிலைகளில் நிற்போரைக் கொள்ள, கலைஞர் மு. கருணாநிதி பெற்றோர், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் எனக் கொண்டார். பெற்றோரைப் பேணுதலை இல்லறத்தின் கடமையாக வெளிப்பட நிறுத்தவேண்டிய தேவையை நம் காலம் உணர்ந்திருப்பதை இவ்வுரை வேறுபாடு காட்டுகிறது எனலாம்.

43ஆம் குறள் பேணத்தக்க ஐந்தனுள் ஒன்றாகத் ‘தான்’ என்பதனையும் வைத்தமை இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. தான் உளனாய் நின்றே அறம் செய்ய வேண்டுதலின் தன்னைக் காத்தலும் அறமாயிற்று என்பது பரிமேலழகர் கருத்து. படுக்கையிலிருக்கும் மாமியாரை இரவும் பகலும் பேணித் தன் உடல்நலனை இழக்கும் மருமகளின் தியாகத்தைப் புகழ்வோர் இக்கருத்தை மறந்துவிடுகின்றனர். பேணுபவரை அழித்துத்தான் பேணல் நிகழவேண்டும் என்பது குறளின் அறமன்று.

தொடித்தலை விழுத்தண்டினாரின் 243ஆம் புறப்பாட்டு வேறொன்றை உணர்த்துகிறது. கோலூன்றி நடுங்கி, இருமலிடையே சில சொற்களே பேசவல்லவராயினும், அங்குப் பேசுபவர் முதியவரே. இன்று ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மகன் பேசுகிறான், மகள் பேசுகிறாள், உறவினர் பேசுகின்றனர். யாருடைய வாழ்வு மாறவிருக்கிறதோ அவர் பேசுவதில்லை.

சட்டம் வகுக்கும் கடமை

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 பராமரிப்பு என்பதனுள் உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றை அடக்குகிறது. பிள்ளைகளிடமிருந்து தீர்ப்பாயம் பெற்றுத்தரக்கூடிய தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என உச்சவரம்பும் விதிக்கிறது. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைப் பொறுப்பாளராக்கும் இச்சட்டம் மருமகளைச் சுட்டவில்லை. ஆனால் நடைமுறையில் உடற்பணி முழுவதும் பெரும்பாலும் அவள் தலையிலேயே விழுகிறது. மருமக்களையும் உட்படுத்தி, உச்சவரம்பையும் நீக்க முற்பட்ட 2019ஆம் ஆண்டுத் திருத்த முன்வரைவு, சட்டமாகாமலே காலாவதியாயிற்று. 70 வயது நிறைந்த அனைவர்க்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்கானது, அன்றாடப் பேணலுக்கானதன்று. ஆதலின் இல்லச் செலவு முழுவதும் குடும்பத்தின்மீதே நிற்கிறது.

செலவும் நீதியும்

கணக்கிற்காக ஓர் இல்லத்தின் மாதக் கட்டணம் 30,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 3,60,000, பத்தாண்டுகளுக்கு 36 லட்சம். விலையேற்றமும், முன்வைப்புத் தொகையும், மருந்துச் செலவும் இதனுள் அடங்கா. நடமாடும் நிலையில் சேர்ந்த ஒருவர் படுக்கையில் விழுந்தபின் சில இல்லங்கள் கட்டணத்தை உயர்த்துகின்றன. சில, வேறிடம் பார்க்குமாறு கூறுகின்றன. ஒப்பந்தத்தில் முதலில் படிக்கவேண்டிய பகுதி இதுவே.

இச்செலவை யார் ஏற்பது? பெற்றோரின் வீடும் சேமிப்பும் இருக்க, அவற்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு கட்டணம் குறைந்த இல்லத்தைத் தேடும் பிள்ளைகள், காப்பது பெற்றோரை அன்று; தமக்கு வரவிருக்கும் பங்கையே. பெற்றோரின் பொருள் முதலில் அவர்தம் முதுமைக்கு உரியது, எஞ்சியதே மரபுரிமை. அது போதாதவிடத்துப் பிள்ளைகள் தத்தம் வருவாய்க்கு ஏற்பப் பகிர்தல் வேண்டும். சமமாகப் பகிர்தல் எப்பொழுதும் நீதியாகாது. மேலும், அயல்நாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகனின் பங்கு எண்ணில் தெரிகிறது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் உள்ளூர் மகளின் பங்கு எண்ணில் வருவதில்லை. அவளது நேரத்தையும் பங்காகக் கொள்ளாத கணக்கு நேரிய கணக்கன்று. பணம் தருபவரே முடிவெடுப்பவர் என்பதும் ஏற்கத்தக்கதன்று.

கட்டணத்தின் மறுபக்கத்தில் மற்றொருவர் நிற்கிறார். பிறருடைய தாயின் உடலைத் துடைக்கும் பணிப்பெண்ணுக்கும் ஒரு தாய் உண்டு. அவருக்குக் கிடைக்கும் ஊதியம் என்ன, இரவில் எத்தனை பேரை அவர் ஒருவரே பார்க்கிறார் என்பவற்றைக் கேளாமல் இல்லத்தின் தரையோடுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அறக்குறை மட்டுமன்று. பேணலின் தரத்தை அறியத் தவறுவதுமாகும்.

கைமாற்றக்கூடியதும் கூடாததும்

உணவளித்தல், மருந்து தருதல், உடல் தூய்மை பேணுதல் ஆகியன பயிற்சி பெற்றோரிடம் ஒப்படைக்கத்தக்கன. சில வேளைகளில் அவர்களே மகனினும் நன்கு செய்வர். தந்தையை மகள் குளிப்பாட்டும்போது அவர் அடையும் கூச்சம் செவிலியரிடம் இல்லாமற்போகலாம். ஆயின் மூன்று கடமைகள் கைமாறா. ஒன்று, கேட்டல்: இல்லத்தைத் தேர்வதற்கு முன் முதியவரின் விருப்பத்தை அறிதலும், மறுப்பாராயின் அம்மறுப்பை மதித்தலும். முதுமை மறதியால் தெளிவு குன்றியவரிடமும் அன்றன்றைய விருப்பம் உண்டு. எதை உண்பது, யாரோடு அமர்வது என்பன அவருடைய முடிவுகளே. மற்றொன்று, கண்காணித்தல்: அறிவிப்பின்றிச் சென்று பார்த்தலும் குறை கண்டவிடத்துப் பேசுதலும். மூன்றாவது, உடனிருத்தல். நாள்தோறும் செல்ல இயலாமை குற்றமன்று. ஆனால் வருவதாகக் கூறிய ஞாயிற்றுக்கிழமை வாராமை, காத்திருப்பவரின் வாரம் முழுவதையும் குலைக்கிறது.

முடிவுரை

இல்லமா வீடா என்பது அறவினாவின் மேற்பரப்பே என்பது இதுவரை கூறியவற்றால் பெறப்படும். முதியவரின் ஒப்புதலும், செலவுப் பகிர்வில் நீதியும், தொடர்ந்த உறவும் அமைந்தவிடத்து அது சேர்த்தலாகும். இவை இல்லாதவிடத்து, சொந்த வீட்டின் பின்னறையில் வைத்திருப்பினும் அது விடுதலேயாகும். நம் வழக்கின் வினைச்சொல்லில் ஓர் எச்சரிக்கை உண்டு. அதனை இழத்தல் வேண்டா. ஆனால் அவ்வெச்சரிக்கையை இல்லத்தின் வாயிலில் மட்டும் நிறுத்திவிட்டு நம் வீட்டின் வாயிலை விலக்கிவைத்தல் நேர்மையாகாது.