படக்கோப்பின் மாற்றமும் சற்காரியவாதமும்

1981இல் வெளியான ஃபிட்ஸ் என்னும் வானியல் கோப்பு வடிவம், விண்ணொளியின் அளவைப் புள்ளிதோறும் எண்ணாகவும், நோக்கிய நாள், திசை முதலிய குறிப்புகளைத் தலைப்பகுதியிலும் ஒருசேரக் காக்கிறது. அது அச்சுக்குரிய ஜேபெக் படமாகும்போது, பலவேளைகளில் 32 பிட் எண்களாக உள்ள அளவுகள் நிறமொன்றுக்கு 256 படிகளாகச் சுருங்குகின்றன. தோன்றிய படம் பழைய பொருளா, புதிய பொருளா? விளைவாகிய காரியம் காரணத்தில் முன்னரே உள்ளது என்னும், இந்திய மெய்யியல் மரபினரான சாங்கியரின் சற்காரியவாதப்படி, அது எண்களுள் மறைந்திருந்து வெளிப்பட்டதே. முன்பு இல்லாததே பிறக்கிறது என்னும் மற்றொரு மரபினரான நியாய வைசேடிகர்க்கோ அது புதியது. காரியம் மீண்டும் காரணத்தில் ஒடுங்கும் என்பதும் சாங்கியக் கொள்கையாதலின், இழந்த எண்களை ஜேபெக்கிலிருந்து மீட்கவே இயலாது என்னும் உண்மை அத்தரப்பைக் கடுமையாகச் சோதிக்கிறது. மேலும், மாற்றுபவர் தேரும் ஒளியெல்லைக்கேற்ப நெபுலாவின் மங்கிய விளிம்பு புலப்படுவதோ மறைவதோ நேர்வதால், எண்களில் அடங்காத அவரது தேர்வும் அப்படத்தின் காரணங்களுள் ஒன்றென்றே கொள்ளவேண்டும்.